ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு டெலிவரி

ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் பார்சல் வேன்களுக்குப் பாதை வகுக்கும் மென்பொருளில் வேலை செய்கிறேன். காலையில் எந்த வேன் எந்தத் தெருவுக்கு, எந்த வரிசையில் போக வேண்டும் என்று அது முடிவு செய்யும். எல்லா ஊருக்கும் ஒரே கணக்குதானே என்று நண்பர்கள் கேட்பார்கள். இந்த ஊரில் கணக்கின் நடுவே டான்யூப் ஆறு ஓடுகிறது.

மேற்குக் கரையில் மலையும் மேடுமாகப் புடா, அதற்கு வடக்கே ஓபுடா, கிழக்கே சமவெளியில் பெஸ்ட். மூன்றும் தனித்தனி ஊர்களாக இருந்து, 1873 நவம்பர் 17 அன்று ஒரே நகரமாயின. இன்று 23 வட்டாரங்கள். நான்கு இலக்க அஞ்சல் குறியீட்டில் நடு இரண்டு எண்கள் வட்டாரத்தைச் சொல்லிவிடும். கணினிக்கு இது ரொம்பப் பிடித்த ஏற்பாடு. வேன் ஓட்டுபவருக்கு அப்படி இல்லை.

உதாரணத்துக்கு, ஓபுடா 3ஆம் வட்டாரம், ஊய்பெஸ்ட் 4ஆம் வட்டாரம். அடுத்தடுத்த எண்கள், எதிரெதிர்க் கரைகள். 1950 வரை ஊய்பெஸ்ட் தலைநகரிலேயே சேராத தனி ஊர். இரண்டுக்கும் நடுவே ஒரு ரயில் பாலம் உண்டு. அதன் ஓரமாக நடந்தோ சைக்கிளிலோ போகலாம், வேன் போகாது. வேனுக்குத் தெற்கே ஆர்பாத் பாலம், இல்லையென்றால் வடக்கே 2008இல் திறந்த மெட்யெரி பாலம். கரையில் நின்றால் எதிர்க்கரை வீடு கண்ணுக்குத் தெரியும். பார்சலைக் கொடுக்க ஊரைச் சுற்ற வேண்டும். நேர்க்கோட்டுத் தூரத்தை நம்பும் மென்பொருள், இந்த இரண்டு கரைகளையும் ஒரே வேனில் சந்தோஷமாக ஏற்றிவிடும்.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தவர் ஒரு மூத்த டிரைவர். அவரோடு ஒருநாள் வேனில் போனேன். பின்கதவைத் திறந்தால் இடது அலமாரி முழுக்கப் புடா பார்சல்கள், வலது அலமாரி முழுக்கப் பெஸ்ட். மென்பொருள் கொடுத்த வரிசை கைபேசியில் இருந்தது. அவர் அடுக்கிய வரிசை அலமாரியில் இருந்தது. ஒரு கரையை முழுசாக முடித்துவிட்டு, ஒரே ஒரு தடவை பாலம் ஏறுவார். எந்தப் பாலம் என்பதை நேரம் பார்த்து முடிவு செய்வார். நகர நடுவில் இருக்கும் சங்கிலிப் பாலம் அவர் கணக்கிலேயே இல்லை. பழுதுபார்த்துத் திறந்த பிறகு அதில் பஸ்ஸும் டாக்ஸியும் போகலாம், சாதாரணக் கார் போக முடியாது. அன்று நான் கற்றது எந்த ஆவணத்திலும் இல்லை. அப்புறம் எங்கள் குழு, முதலில் கரை, பிறகு தெரு என்று பிரிக்கத் தொடங்கியது. மென்பொருளின் கணக்கில் பாலம் ஏறுவதற்குத் தனியாக ஒரு விலை வைத்தோம். காலையிலும் மாலையிலும் அந்த விலை கூடும்.

அந்தச் சங்கிலிப் பாலத்தின் கதையை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அதற்கு முன் இங்கே இருந்தது படகுகளை வரிசையாகக் கட்டிய மிதவைப் பாலம்தான். குளிர்காலத்தில் பனிக்கட்டி வந்தால் கழற்றிவிடுவார்கள். 1820இல் தந்தையின் இறுதிச் சடங்குக்குப் புறப்பட்ட இஷ்ட்வான் சேச்செனி என்ற ஹங்கேரியப் பிரபு, ஆற்றைக் கடக்க முடியாமல் ஒரு வாரம் கரையில் காத்திருந்தார். நிலையான பாலம் வேண்டும் என்று அவர் விடாமல் பாடுபட, 1849இல் அது திறந்தது. வரியே கட்டிப் பழகாத பிரபுக்களும் அதில் சுங்கம் கட்டினார்கள். நகரங்களை இணைத்த சட்டம் அதற்கு இருபது வருடங்களுக்கு மேல் கழித்துத்தான் வந்தது. பாலம் முன்னால், சட்டம் பின்னால். 1945 ஜனவரியில் ஜெர்மன் படை பின்வாங்கும்போது அந்தப் பாலத்தையும் தகர்த்தது. சட்டப்படி ஒரே நகரம்தான், ஆனால் மக்கள் மறுபடி படகுக்கும் தற்காலிகப் பாலத்துக்கும் போனார்கள். நூறாம் ஆண்டில், 1949இல், மறுபடி திறந்தார்கள்.

எங்கள் வேலையிலும் இதே வரிசைதான் சரி என்று நினைக்கிறேன். நிர்வாக எல்லையை வைத்துத் தொடங்கினால் டிரைவரின் மாலை நேரம் வீணாகும். தேசிய விழா நாளான ஆகஸ்ட் 20 வாணவேடிக்கைக்குப் பாலங்கள் மூடும் நேரத்தையும், 2024 செப்டம்பர் போல வெள்ளம் வந்து கரையோரச் சாலைகள் முழுகும் நாட்களையும் இப்போது தனிப் பட்டியலாக வைத்திருக்கிறோம். புதிதாகக் குழுவில் சேருபவர்களை முதல் வாரமே ஒருநாள் வேனில் அனுப்ப வேண்டும் என்றும் மேலாளரிடம் கேட்டிருக்கிறேன். குளிர்காலத்துக்குள் அனுமதி கிடைத்தால் நல்லது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில்தான் பார்சல்கள் குவியும்.