கேபிளை விட்டு ஹைட்ராலிக் ஸ்டீயரிங்: முதல் 20 மணி நேரம்

படகு 17 அடி, பின்புறம் வெளியே மாட்டும் 90 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். ஸ்டீயரிங் கேபிளைக் கழற்றிவிட்டு, சக்கரம் சுழற்றும் எண்ணெய்ப் பம்பும் (ஹெல்ம்), அந்த எண்ணெயால் எஞ்சினைத் திருப்பும், அதன் முன்பக்கம் பொருத்தும் சிலிண்டரும் போட்டாயிற்று. பம்ப் ஒரு சுற்றுக்கு 28 சிசி எண்ணெய் தள்ளும். சிலிண்டர் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக ஏறத்தாழ 138 சிசி வேண்டும். வகுத்தால் 5 சுற்று. கேபிளில் சுமார் 3தான். பழகுவதில் உள்ள சிரமத்தில் பாதி இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

ஓட்டுவதற்கு முன்

எண்ணெய் ஓடும் வழியில் உள்ள காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஹெல்மில் நிரப்புக் குழாயைத் திருகி, எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாக மாட்டி, மேலே வரும் அடிப்பகுதியில் ஒரு துளை போட வேண்டும். ஒருவர் சக்கரத்தைக் கோடிவரை திருப்ப, மற்றவர் சிலிண்டரை நகரவிடாமல் பிடித்துக்கொண்டு, கையேடு சொல்லும் பக்கத்து ப்ளீடரை (காற்று வெளியேறும் திருகை) திறக்கிறார். குமிழி இல்லாத எண்ணெய் வந்ததும், சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே மூட வேண்டும். சக்கரத்தை நிறுத்திவிட்டு மூடினால் காற்று திரும்ப உள்ளே போகும். பிறகு மறுபக்கம். எண்ணெய் ஐஎஸ்ஓ 15 தரம், கையில் 2 லிட்டர் இருக்கட்டும். பிரேக் ஆயில் ஊற்றினால் சீல்கள் கெடும்.

இணைப்புகளுக்கு டெஃப்லான் டேப் வேண்டவே வேண்டாம். அதன் துணுக்கு ஹெல்மின் செக் வால்வில் (எண்ணெய் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு) சிக்கிக்கொண்டால் வால்வு முழுதாக மூடாது. திரவ சீலண்ட்தான் சரி.

1 முதல் 5 மணி நேரம்

சக்கரத்துக்கு இனி நடு கிடையாது. ஆரத்தில் ஒட்டிய குறி, ஓட ஓட இடம் மாறிக்கொண்டே போகும். வால்வுகளில் எண்ணெய் துளித்துளியாக நழுவுவதுதான் காரணம், கோளாறு அல்ல. திரும்பிப் பார்க்காமல் எஞ்சினை நேராக்க வழி: ஒரு கோடிவரை திருப்பி, அங்கிருந்து இரண்டரைச் சுற்று திரும்ப வருவது. கரையணையும்போது கியர் போடுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். கியர் போட்ட பிறகு சக்கரத்தைத் தேடினால் 5 சுற்றுக்குள் படகு மோதிவிடும்.

இது தாங்காது என்பவர்கள் 39 சிசி ஹெல்ம் போடலாம், மூன்றரைச் சுற்றில் முடியும். ஆனால் சக்கரம் கனக்கும்.

5 முதல் 12 மணி நேரம்

வேகத்தில் ப்ரொப்பெல்லரின் பக்க இழுப்பு கைக்குத் தெரியவே தெரியாது. வால்வு பூட்டிக்கொள்வதால் திருப்பிய இடத்திலேயே எஞ்சின் நிற்கும். சுகம்தான், ஆனால் ஓட்டுபவர் திருப்பத்தில் தூக்கி எறியப்பட்டால் படகும் அந்தத் திருப்பத்திலேயே வட்டமடித்து அவர்மேல் வரும். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிறு மாட்டாமல் கிளம்பக் கூடாது.

பழக்கக் குறையா, காற்றா என்று குழப்பம் வந்தால்: கோடியில் சக்கரத்தை அழுத்தித் திருப்புங்கள். ரப்பர் போல அமுங்கி, விட்டதும் பின்னுக்கு வந்தால் காற்று. அழுத்தும்போது ஹெல்மில் எண்ணெய் மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்கினாலும் காற்றுதான். கல்லாக நின்றும், நேராகப் போக ஒரே பக்கம் விடாமல் திருப்ப வேண்டியிருந்தால், வால்வில் அழுக்கைச் சந்தேகிக்கலாம்.

20 மணி நேரம்

எண்ணெய் மட்டம் நிரப்பும் துளைக்கு 12 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். வாய்வரை நிரப்பினால் வெயிலில் விரிந்து வழியும். எஞ்சினை முழுதாகத் தூக்கி, இரு கோடிக்கும் திருப்பி, ஹோஸ் எங்கும் உரசவில்லை என்று பார்க்க வேண்டும். எஞ்சினின் கீழ்ப்பகுதியில் பக்க இழுப்பைச் சமன்செய்யும் சிறு தகடான டிரிம் டேபையும் கேபிள் காலத்தைப் போலவே சரிசெய்ய வேண்டும். கைக்குத் தெரியாத அந்த இழுப்பை இப்போது சீல்கள் சுமக்கின்றன. எஞ்சினைத் தூக்கும்போது அச்சாக இருக்கும் டில்ட் குழாய்க்குள் போகும் சிலிண்டர் தாங்கும் தண்டைக் கழற்றி மரைன் கிரீஸ் தடவிப் போட்டாயிற்று, உப்பில் இறுகினால் சுத்தியல்தான் கதி.