நீலத் தாடிக்காரர் ஊர் திரும்பிய கதை

சிசிலித் தீவில் மோர்கன்டினா என்றொரு பழைய கிரேக்க நகரம். அங்கே கிரேக்கர்களின் விளைச்சல் தேவி டிமீட்டரின் கோயில் பகுதியில் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுக்கப்பட்ட ஒரு சுடுமண் தலையை, 1985இல் அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகம் 5 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. பாதாள உலகின் கடவுள் ஹேடிஸின் தலை, கி.மு. 4ஆம் நூற்றாண்டு. எங்கிருந்து வந்தது என்று வெளியே யாருக்கும் தெரியாது.

காட்டிக்கொடுத்தது தாடிதான்! சிற்பி ஒவ்வொரு சுருளையும் தனித்தனியாகத் திரித்து ஒட்டியிருக்கிறார். தலைமுடி செம்பழுப்பு, தாடி நீலம். ஒட்டிய சுருள் உதிரத்தானே செய்யும்? தோண்டியவர்கள் விட்டுப்போன மண்ணில் விரல் நுனியளவு நீலச் சுருள் கிடந்தது. செரீனா ரஃபியோட்டா, மரியா லூசியா ஃபெருஸ்ஸா என்ற இரு ஆய்வாளர்கள் அதைக் கெட்டியில் இருந்த தலையோடு பொருத்திப் பார்த்தார்கள். அச்சு அசல்.

தலையைத் திருப்பித் தருவதாக 2013இல் கெட்டி அறிவித்தது. 2016இல் மோர்கன்டினாவை ஒட்டிய அய்தோனே ஊர் அருங்காட்சியகத்துக்கு ஹேடிஸ் வந்து சேர்ந்தார். அங்கே இருப்பதுதான் நியாயம். டிமீட்டரின் மகள் பெர்செபோனியை ஹேடிஸ் தூக்கிப்போனதாகச் சொல்லப்படும் பெர்குசா ஏரி அந்தப் பக்கம்தான்.

திருடியவன் சிலையை மட்டுமா எடுக்கிறான்? எந்தச் சன்னதி, எந்தப் பீடம், பக்கத்தில் என்ன படையல் இருந்தது என்ற தகவல் அத்தனையும் போய்விடுகிறது. அதை எந்த அருங்காட்சியகமும் திருப்பித் தர முடியாது. எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

சிசிலி போகிறவர்கள் அய்தோனேயைத் தவறவிடாதீர்கள். 2011இல் இதே கெட்டியிலிருந்து மீண்டு வந்த ‘மோர்கன்டினா தேவி’ என்ற சிலையும் அங்கேதான் இருக்கிறது.