கரைந்து போக வேண்டிய சாரம்

அப்பாவின் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் தோல் வாடை போகாது. ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். பச்சைத் தோல் இரண்டு நாளில் அழுகுகிறது, பதனிட்ட தோல் செருப்பாகி வருடக்கணக்கில் உழைக்கிறது, ஏன் என்று சிறு வயதில் அவரிடம் கேட்டிருக்கிறேன். "உள்ளே இருக்கும் நாரெல்லாம் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கிறது அம்மா" என்று இரு கை விரல்களையும் கோத்துக் காட்டினார். அந்த நாரின் பெயர் கொலாஜன். 2019 ஜூலையிலிருந்து ஆறு ஆண்டுகள் அதோடுதான் என் பொழுது போயிற்று.

உயிர்த்தொழில்நுட்பம் படித்துவிட்டு, உடல் திசுக்களை ஆய்வகத்தில் உருவாக்க முயலும் திசுப் பொறியியலுக்கு வர நினைக்கும் பிள்ளைகள் சிலர் என்னிடம் வழி கேட்கிறார்கள். உள்ளே நுழைவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நெட் தேர்வை இரண்டாவது முயற்சியில் முடித்து இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றேன். அப்போது மாதம் 31,000 ரூபாய். சென்னையில் ஓர் ஆய்வகத்தில் நேர்காணல் நடந்தது, சேர்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தீக்காயம் ஆழமாகப் பட்டால் மேல்தோலோடு அதன் அடியிலுள்ள உள்தோலும் போய்விடுகிறது. உள்தோல் முன்போல் திரும்ப வளராது. அந்த இடத்தில் தழும்புதான் கட்டும். தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டுவதே இன்றும் வழக்கமான சிகிச்சை. உடலில் பாதிக்கு மேல் வெந்தவருக்கு எங்கிருந்து எடுப்பது? 1975-இல் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் மனித மேல்தோல் செல்களை ஆய்வகத்தில் பெருக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். தபால்தலை அளவுத் தோலிலிருந்து சில வாரங்களில் ஏடு ஏடாக வளர்க்க முடிந்தது. ஆனால் அடியில் உள்தோல் இல்லாத அந்த ஏடு எளிதில் கொப்புளித்து உரிந்துவிடும். 1981-இல் பாஸ்டனில் அறுவை மருத்துவர் ஜான் பர்க்கும் அயனிஸ் யனாஸும் மாட்டுக் கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து பிரித்த ஒரு பொருளையும் கலந்து செய்த நுண்துளைப் பஞ்சை நோயாளிகளின் காயத்தில் வைத்ததை வெளியிட்டார்கள். உடலின் செல்கள் பஞ்சுக்குள் ஏறித் தங்கள் உள்தோலைத் தாங்களே நெய்துகொண்டன. பஞ்சு மெல்லக் கரைந்தது.

கொத்தனார் நிற்பதற்குச் சாரம் கட்டுகிறோம் அல்லவா, அதே வேலைதான் இந்தப் பஞ்சுக்கும். எங்கள் ஆய்வகத்தில் தமிழில் பேசும்போது சாரம் என்றே சொல்வோம். கட்டடச் சாரத்தை அவிழ்க்க ஆள் உண்டு. காயத்துக்குள் வைத்த சாரம் தானே கரைய வேண்டும். சீக்கிரம் கரைந்தால் செல்களுக்கு நிற்க இடமில்லை. கரையாமல் நின்றுவிட்டால் உடல் அதை வேற்றுப் பொருளாக எண்ணிச் சுற்றிலும் தழும்பைக் கட்டும். என் முனைவர் பட்ட ஆய்வு முழுவதும் இந்தக் கணக்கைப் பற்றியதுதான்: சாரம் எந்த வேகத்தில் கரைய வேண்டும்?

முதல் ஆறு மாதம் எலி வால். வேறு ஆய்வுகள் முடிந்து வரும் வால்களை மைனஸ் 20 டிகிரியில் சேர்த்து வைத்திருப்போம். நுனியிலிருந்து கணுக்கணுவாக இடுக்கியால் ஒடித்து இழுத்தால் தசைநாண் இழைகள் வெள்ளைப் பட்டுநூல் போல நீண்டு வரும். அவற்றை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் இட்டு, குளிர் அறையில் இரண்டு நாள் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இழைகள் ஊதிப் பெருத்து, கடைசியில் ஆறிய கஞ்சி போல ஒரு குழைவாகும். நல்ல கொலாஜனா என்று அறிய ஒரு சோதனை உண்டு. காரம் சேர்த்து அமிலத்தன்மையைப் போக்கி 37 டிகிரியில் வைத்தால் அரை மணி நேரத்தில் பால் நிறத்தில் உறைய வேண்டும். குப்பியைக் கவிழ்த்தாலும் விழக் கூடாது. என் முதல் மூன்று குப்பிகளும் கவிழ்த்தவுடன் மேசையில் ஓடின. குளிர் அறையின் கதவு சரியாக மூடாமல் இருந்ததை நான்காவது முறைதான் கவனித்தேன்.

உறையும் கொலாஜனைப் பஞ்சாக்குவது பனிக்கட்டியின் வேலை. மைனஸ் 20-இல் மெதுவாக உறைய விட்டால் பெரிய பனிப்படிகங்கள், மைனஸ் 80-இல் சட்டென உறைந்தால் சிறியவை. பிறகு வெற்றிடத்தில் பனி நீராகாமலே ஆவியாகிப் போக, படிகம் இருந்த இடமெல்லாம் துளையாக நிற்கும். செல் உள்ளே நுழைய அந்தத் துளைதான் வாசல்.

கொலாஜன் மூலக்கூறின் வடிவத்தை 1954-55-இல் சொன்னவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த இயற்பியலாளர் ஜி.என்.ராமச்சந்திரன். கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட கயிறு இது என்று காட்டினார். எக்ஸ்-கதிர்ப் படத்துக்கு அவர் பயன்படுத்திய கங்காரு வால் தசைநாண், அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. அவர் கையில் கங்காரு வால், என் கையில் எலி வால். காலையில் இடுக்கியை எடுக்கும்போது அது நினைவுக்கு வந்தால் வேலை கொஞ்சம் இலேசாகும்.

இதற்கிடையிலேயே மனித செல்லுக்கான வேலையும் தொடங்கியது. மருத்துவக் காரணத்துக்காகச் சிறுவர்களுக்கு முன்தோல் நீக்கும்போது வீணாகும் துண்டிலிருந்து உள்தோல் செல்களை எடுக்கத் திட்டம். அதற்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் படிவத்தை நெறிமுறைக் குழு ஏற்க வேண்டும். நான் எழுதிய தமிழ்ப் படிவத்தைக் குழுவில் இருந்த ஒரு பெரியவர் படித்தார். அவர் விஞ்ஞானி அல்ல, பொதுமக்கள் சார்பில் உட்கார்ந்திருந்தவர். "இதைப் படித்தால் எனக்கே புரியவில்லை, பிள்ளையைப் பெற்றவளுக்கு எப்படிப் புரியும்? அந்தத் துண்டு எங்கே போகும், எத்தனை நாள் இருக்கும், வேண்டாம் என்றால் நிறுத்தலாமா, இதைச் சொல்லுங்கள்" என்றார். படிவத்தை மூன்று முறை மாற்றி எழுதினேன். ஒப்புதலுக்கு நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதம் வீண் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட்ட ஒரு தாய், "இதிலிருந்து வேறு ஒருவருக்குத் தோல் வருமா?" என்று கேட்டார். "இப்போது வராது, அதற்கு வழி தேடுகிறோம்" என்று சொன்னேன். படிவத்திலும் அதே வார்த்தைதான் இருந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. செல்களை உறைய வைத்துத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் இறக்கிவிட்டு ஊருக்குப் போனோம். எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன் அனுமதிச் சீட்டோடு வாரம் இருமுறை சைக்கிளில் வந்து நைட்ரஜன் அளவைப் பார்த்து நிரப்பினார். அவர் இல்லையென்றால் ஒரு குப்பிகூட மிஞ்சியிருக்காது. என் ஆய்வேட்டின் நன்றியுரையில் முதல் பெயர் அவருடையது.

திரும்பி வந்து எழுப்பிய செல்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் வளர்ச்சி மந்தம். செல்கள் வளரும் ஊட்டத் திரவமான ஊடகம் கலங்கவில்லை, நுண்நோக்கியில் பாக்டீரியா எதுவும் தெரியவில்லை. நான்கு மாதம் பரிசோதனை செய்து எண்களைக் குவித்துவிட்டேன். பிறகுதான் ஒரு மாலை, டிஎன்ஏவைப் பிடித்து ஒளிரும் சாயமிட்டுப் பார்த்தபோது, உட்கருக்களுக்கு வெளியே செல்லின் மேலெல்லாம் பொட்டுப் பொட்டாக நீல ஒளி தெரிந்தது. மைகோபிளாஸ்மா. செல் சுவர் இல்லாத நுண்ணுயிர், ஆகவே பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது, வடிகட்டியின் 0.2 மைக்ரான் துளையிலும் நுழைந்துவிடும். நான்கு மாதத்து எண்களையும் என் கையாலேயே குறுக்குக் கோடிட்டேன். அன்று இரவு விடுதியில் சாப்பிடப் போகவில்லை. இந்தத் துறைக்கு வருபவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: மாதம் ஒரு முறை மைகோபிளாஸ்மா சோதனை செய்யுங்கள். செல் அழகாகத் தெரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

இனி மையமான விஷயம். வெறும் கொலாஜன் பஞ்சு காயத்தில் சில நாட்களில் கூழாகிவிடும். அதன் இழைகளைக் குறுக்கே பிணைத்தால்தான் நிற்கும். குளுட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருள் உறுதியாகப் பிணைக்கும், ஆனால் எச்சம் தங்கிச் செல்களைக் கொன்றது. கார்போடைஇமைடு வகை வேதிப்பொருள், பிணைத்து முடித்துத் தான் விலகிவிடும், கழுவினால் போய்விடும். அதற்கு மாறினேன். அப்போதும் ஒரு சிக்கல் தீரவில்லை. பஞ்சின் மேற்பரப்பு இறுகி நின்றது, நடுப்பகுதி முன்னதாகவே கரைந்து உள்ளே பொந்தாகியது. ஒரே பஞ்சுக்குள் இரண்டு வேகம். வேதிப்பொருளின் அளவைக் கூட்டினேன், குறைத்தேன், ஓராண்டு போனது.

2022 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் புலம்பினேன். அவர் உடனே, "முதல் நாளே கெட்டித் தண்ணீரில் போட்டாயா?" என்று கேட்டார். ஆவாரம்பட்டைத் தொட்டிகளில் புதுத் தோலை எடுத்ததும் கெட்டியான சாற்றில் போட மாட்டார்களாம். போட்டால் மேற்பக்கம் உடனே இறுகிக்கொள்ளும். அதற்குப் பிறகு சாறு உள்ளே இறங்காது, வெட்டிப் பார்த்தால் நடுவில் பதப்படாத பச்சைத் தோல் கோடாகத் தெரியும். அதனால் ஏற்கெனவே பயன்படுத்திச் சத்துக் குறைந்த தண்ணீரில் தொடங்கி, நாளுக்கு நாள் கெட்டித் தண்ணீருக்கு மாற்றுவார்கள். "அவசரப்பட்டால் தோலுக்கு வெளியேதான் வேலை நடக்கும்" என்றார்.

சென்னைக்கு வந்து அப்படியே செய்தேன். நான் முன்பு பயன்படுத்திய அளவில் எட்டில் ஒரு பங்கு கரைசலில் குளிரில் ஊறவைத்தேன், பிறகு நான்கில் ஒன்று, பிறகு பாதி. பஞ்சை நடுவே வெட்டி, கொலாஜனைக் கரைக்கும் என்சைமில் போட்டால் மேலும் உள்ளும் ஒரே சீராகக் கரைந்தது. என் ஆய்வு நெறியாளரிடம் காட்டியபோது அவர் வெட்டிய துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை யார் சொன்னது?" என்றார். "அப்பா, சார்" என்றேன். ஆய்வுக் கட்டுரையில் அப்பாவுக்கு நன்றி எழுதச் சொன்னது நெறியாளர்தான்.

எலிகளில் வைத்துப் பார்க்க விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்று முதல் சுற்றை முடித்தபோது, பன்னிரண்டு நாளில் காயம் மூடிவிட்டது. நான் துள்ளிக் குதித்தேன். நெறியாளர், சாரம் வைக்காத எலிகளின் படத்தைக் கேட்டார். அவற்றிலும் மூடியிருந்தது. எலியின் தோலுக்கு அடியில் மெல்லிய தசைப்படலம் உண்டு. அது சுருங்கி, சுருக்குப்பை வாயை இழுப்பது போலக் காயத்தை மூடிவிடும். மனிதக் காயம் அப்படி ஆறுவதில்லை. காயத்தைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் தைத்துச் சுருங்கவிடாமல் தடுத்து, மறுபடி முதலிலிருந்து செய்தோம். ஒன்பது மாதம்.

அந்த ஒன்பது மாதம் எனக்குக் கோபமாக இருந்தது. அப்போது 2023 ஜூனில் ஸ்டாக்ஹோம் தீர்ப்புச் செய்தி வந்தது. 2011-இல் அங்கே கரோலின்ஸ்கா மருத்துவமனையில் அறுவை மருத்துவர் பாவ்லோ மக்கியாரினி, நோயாளியின் ஸ்டெம் செல்களைப் பூசிய பிளாஸ்டிக் மூச்சுக்குழாயைப் பொருத்தினார். உலகமே கொண்டாடியது. அங்கே அதைப் பெற்ற மூவரும் பின்னர் இறந்துபோனார்கள். போதிய விலங்குச் சோதனை இல்லாமல் மனிதர்களில் வைக்கப்பட்ட சாரம் அது. உடன் வேலை பார்த்த நான்கு மருத்துவர்கள் 2014-இல் புகார் கொடுத்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் மக்கியாரினிக்கு இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. செய்தியைப் படித்துவிட்டு எலிக்கூடத்துக்குப் போய் வளையங்களைச் சரிபார்த்தேன். கோபம் போய்விட்டது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உதவித்தொகை ஒருமுறை ஏழு மாதம் வரவில்லை. அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து அனுப்பினார். ஆய்வு மாணவர்கள் பலருக்கும் இது நடக்கிறது. குடும்பத்தில் தாங்க ஆளில்லாத பிள்ளை இதனாலேயே வெளியேறிவிடுகிறது என்பது பெரும் அநியாயம்.

28-ஆம் நாள் காயத்தின் குறுக்குவெட்டைச் சாயமிட்ட படம் கைக்கு வந்ததும் அப்பாவுக்குக் காட்டினேன். கொலாஜன் நீலமாகத் தெரியும் சாயம் அது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நீ வைத்தது எங்கே அம்மா?"

"கரைந்துவிட்டது அப்பா. இது எலி தானாக நெய்தது."

"நாங்கள் கரையாமல் இருக்கப் பாடுபட்டோம்" என்றார்.

2025-இல் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முடிந்தது. அதற்குச் சில மாதம் முன்பு ஒரு தீக்காயப் பிரிவில் மருத்துவரோடு நோயாளிகளைப் பார்க்கப் போயிருந்தேன். தோல் ஒட்டி ஆறிய ஒரு பெண்ணிடம், இப்போது எது சிரமம் என்று கேட்டேன். தழும்பைச் சொல்வார் என்று நினைத்தேன். "வேர்க்கவே மாட்டேன் என்கிறது. மே மாதம் உடம்புக்குள் அடுப்பு எரிகிறது. ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். ஒட்டிய தோலில் வியர்வைச் சுரப்பி இல்லை. என் சாரத்தில் வளர்ந்த உள்தோலிலும் இல்லை. இன்று மருத்துவத்தில் பயன்படும் செயற்கைத் தோல் எதுவும் அதைத் தருவதில்லை. ஆறு ஆண்டுகள் உள்தோலையே நினைத்துக்கொண்டிருந்த நான் இதை ஒரு வரியாகப் படித்துக் கடந்திருந்தேன்.

இப்போது வேறோர் ஆய்வகத்தில் வியர்வைச் சுரப்பிச் செல்களை வளர்க்கிறேன். தட்டில் போட்டதும் தங்கள் சுபாவத்தை மறந்து சாதாரண மேல்தோல் செல் போல ஆகிவிடுகின்றன. உடலில் அவை சுருண்டு கிடப்பது போன்ற வடிவக் குழிகளைக் கொலாஜனில் செய்து பார்க்கிறோம். முதல் தொகுதி நேற்று வைத்தது. நாளை ஊடகம் மாற்ற வேண்டும், மாதக் கடைசியில் மைகோபிளாஸ்மா சோதனை.