பளமொளி என்று தேடினாலும் பழமொழி வரவேண்டும்

பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்பு நூலகத்தின் புத்தகப் பட்டியலுக்குப் பொழுதுபோக்காக எழுதிவரும் தேடுபொறியில் எழுத்துப்பிழை திருத்தமும் இப்போது வேலை செய்கிறது. இங்கே பலர் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் கன்னடம் படித்தவர்கள். லகரமும் ளகரமும் கன்னடத்திலும் இருப்பதால் அவற்றில் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. இன்றைய கன்னடத்தில் இல்லாத ழகரம்தான் காலை வாருகிறது. 'பளமொளி' என்று தேடிவிட்டு, புத்தகமே இல்லை என்று திரும்பிப் போய்விடுகிறார்கள்.

திருத்தத்துக்கு முன்னால் அடித்தளமே ஆட்டம் கண்டது. எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளின் எஃப்டிஎஸ்5 தேடல் வசதி, இயல்பாக, சொற்களைப் பிரிக்கும்போது எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. கொம்பு, கால், புள்ளி எல்லாம் அதற்கு இடைவெளி மாதிரி. சொற்பட்டியலைத் திறந்து பார்த்தால் 'பழமொழி' இருக்கவேண்டிய இடத்தில் 'பழம', 'ழ' என்று இரண்டு துண்டுகள்! தேடும் சொல்லும் அதே போல வெட்டுப்படுவதால் தேடிய புத்தகமும் விடையில் வந்துகொண்டிருந்தது. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. கணினி எழுத்துகளுக்கான யூனிகோடு தரத்தில் கொம்பு, கால், புள்ளி போன்றவை அடங்கும் எம்என், எம்சி என்ற இரு குறி வகைகளையும் அமைப்பில் சேர்த்ததும் சொற்கள் முழுதாயின. 'மொ'வை ஒற்றைக் குறியாகவும், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் தட்டச்சிட முடியும் என்பதால் யூனிகோடின் என்எஃப்சி முறையில் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தேன்.

பிறகுதான் திருத்தம். ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது சோவியத் கணிதவியலாளர் லெவன்ஸ்டைன் 1965இல் வகுத்த முறை. தமிழுக்கு அதை அப்படியே வைத்தால் ஒப்பேறாது. 'மளை'க்கு மழை, மலை, மனை, மறை நான்கும் ஒரே தூரத்தில் நிற்கின்றன. ஆகவே ழ–ள மாற்றத்துக்கு 0.2, ர–றவுக்கும் அதே, ல–ளவுக்கு 0.4, ந, ன, ண மூன்றுக்குள் 0.3, மற்றவற்றுக்கு முழு 1 என்று விலை வைத்தேன். விலை மிகக் குறைவு என்பதால் மழை முதலில் வந்துவிட்டது. 'சிருகதை', 'கட்டுறை', 'வரலாரு' மூன்றும் தேறிவிட்டன. சென்னை வாசகர்களுக்கு என்றால் ல–ளவின் விலையைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பொது அகராதி எதையும் சேர்க்கவில்லை; பட்டியலில் உள்ள சொற்களே அகராதி. நூலகத்தில் இல்லாத சொல்லைப் பரிந்துரைத்து யாருக்கு என்ன லாபம்? தேடிய சொல் பட்டியலில் இருந்தால் திருத்தும் நிரல் வாயைத் திறக்காது. மழை தேடுபவரை மலைக்கு அனுப்பக்கூடாது அல்லவா! இல்லாதபோதும் தானாக மாற்றாமல், 'இதைத் தேடினீர்களா?' என்று ஒரு வரி மட்டும் காட்டும்.

வேற்றுமை உருபு ஒட்டிய சொற்கள் இன்னும் பிடிபடவில்லை. 'வரலாற்றில்' என்று தேடினால் 'வரலாறு' வருவதில்லை. எவ்வளவு விலை குறைத்தாலும் அது எழுத்துப்பிழை ஆகாது. விகுதியைக் கழற்றத் தனி நிரல் வேண்டும். அடுத்து அதைத்தான் எழுதப்போகிறேன்.