மூன்றாம் தந்தி

ஜூன் 9, எனிஸ், அயர்லாந்து

என் கிட்டாரின் மூன்றாம் தந்தி மறுபடியும் அறுந்தது. ரீல் என்னும் ஐரிஷ் நடன மெட்டு ஒன்று முடிந்து அடுத்தது இடைவெளியின்றித் தொடங்குகிற இடத்தில்.

ஜூன் 10

அறுந்த துண்டைச் சன்னலோரம் வைத்துப் பார்த்தேன். நடுவில் அறுந்திருந்தால் மீட்டும் வில்லையான பிக்கின் அடி எனலாம். இது தந்திகள் பலகைமேல் தாங்கி நிற்கும் சேடிலின் விளிம்பில் அறுந்திருக்கிறது, வெண்கலச் சுற்று பிரிந்து உள்ளே எஃகுக் கம்பி பளிச்சென்று தெரிகிறது. சுற்றுத் தந்திகளில் பொதுவாக மூன்றாவதன் உட்கம்பிதான் மிக மெல்லியது. ஆனால் வழக்கமான 12 அளவுத் தந்தித் தொகுப்பில் ஆறாம் தந்தி சுமார் 26 பவுண்டு இழுவையில் நிற்க, இது 30 பவுண்டைச் சுமக்கிறது. டாட்காட் (DADGAD) என்னும் மாற்றுச் சுருதிக்கு இறக்கும்போது ஒன்று, இரண்டு, ஆறு ஆகியவை ஒரு முழுச் சுரம் தளர்ந்து இளைப்பாறுகின்றன. நடுவிலுள்ள மூன்றுக்கும் அந்தச் சலுகை இல்லை. அவற்றிலும் எளியதன் தலையில்தான் விடிகிறது.

ஜூன் 13

கிட்டாரின் முகப்புப் பலகையில் பூச்சு போன திட்டு, பிக் உரசாமல் காக்கும் பிக்கார்டு தகட்டின் கீழ் விளிம்பைத் தாண்டிவிட்டது. ஜிக் என்னும் ஐரிஷ் நடனத் தாளம்தான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். கீழ்-மேல்-கீழ், கீழ்-மேல்-கீழ் என்று போகையில் இரண்டு கீழ்வீச்சுகள் அடுத்தடுத்து விழுவதால், இரண்டாவதற்காகக் கை அவசரமாக மேலே திரும்ப வேண்டியிருக்கிறது. முதல் வீச்சின் மிச்ச வேகத்தைப் பலகைதான் வாங்கிக்கொள்கிறது. ஃபிடிலும் அக்கார்டியனும் இலின் பைப் என்னும் ஐரிஷ் துருத்திக் குழலும் சூழ்ந்து கூடி வாசிக்கும் மேசையில், ஒலிவாங்கி இல்லாமல், மெதுவாக மீட்டினால் யாருக்குக் கேட்கும்? என் பலகையின் சீடார் மரமோ நகம் பட்டாலே தழும்பாகும் மென்மை. டப்ளின் பாடகர் கிளென் ஹான்சார்டின் கிட்டாரில் தேய்ந்தே விழுந்த ஓட்டையைப் பலர் அழகு என்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

ஜூன் 14

மழை. அறையின் ஈரப்பதம் 74 விழுக்காடு. பெட்டியைத் திறக்கவில்லை.

ஜூன் 18

கிட்டாரைப் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைத்தேன். அவர் தந்திகளைக் கழற்றி, ஒலித்துளை வழியே சிறு விளக்கொன்றை உள்ளே இறக்கி, அறையை இருட்டாக்கினார். பலகை முழுவதும் கறுத்துக் கிடக்க, திட்டு இருந்த இடம் மட்டும் செம்மஞ்சளாக ஒளி கசிந்தது. அவர் பேசாமல் அதைப் பென்சிலால் சுற்றி வரைந்தார். சேடிலில் மூன்றாம் தந்தி அறுத்திருந்த பள்ளத்தை நுண்ணிய உப்புத்தாளால் உருட்டிவிடுவதாகச் சொன்னார். பலகையைப் பற்றி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். ஜூலை முதல் சனிக்கிழமை மில்டவுன் மால்பேயில் வில்லி கிளான்சி வாரம் என்னும் ஐரிஷ் மரபிசைக் கூடல் தொடங்குகிறது என்பது இந்த மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதல்ல. இருந்தும் நினைவூட்டினேன்.

ஜூன் 21

கை சும்மா இருக்க மறுக்கிறது. போத்தி பேண்ட் என்னும் ஐரிஷ் மரபிசைக் குழுவின் 1970களின் பதிவுகளில் மீஹால் ஓ டோனிலின் கிட்டாரை மட்டும் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை வேகத்திலும் அவர் எல்லாத் தந்திகளையும் எல்லா நேரமும் தொடுவதில்லை. கீழ்த் தந்திகளில் ஓர் அழுத்தம், பிறகு மேலே ஒரு தீண்டல், அவ்வளவுதான் ஃபிடிலுக்கு வேண்டியிருக்கிறது. இப்படி வாசித்தால் பலகைக்கும் ஆயுள் கூடும் என்று தோன்றுகிறது. நம் மேசையில் அது செல்லுபடியாகுமா என்பதே கவலை.

ஜூன் 26

தொலைபேசி வரவில்லை.

ஜூலை 1

வந்தது. திட்டுக்கு அடியிலுள்ள தாங்குகட்டை ஓரமாகப் பசை விட்டிருக்கிறதாம். ஒட்டி, இறுக்கிக் கட்டி, ஓர் இரவு வைக்க வேண்டுமாம். மேலே மெல்லிய ஒளிபுகும் தகடு ஒட்டலாமா என்று கேட்டார். ஒலி சற்று மங்கும் என்றும் அவரே சொன்னார். ஒட்டச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலை வரச் சொல்லியிருக்கிறார்.