சாணி அள்ளுவது யார்? பள்ளித் தோட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்த அனுபவம்

பள்ளித் தோட்டத்தில் ஜீவாமிர்தம் (சாணமும் கோமியமும் சேர்த்த கரைசல் உரம்) கலக்கும் நாளில்தான் பாகுபாடு பளிச்சென்று தெரியும். "சாணி எடுத்துட்டு வர்றது யாரு?" என்று பொதுவாகக் கேட்டால் ஒவ்வொரு வாரமும் அதே மூன்று பிள்ளைகள்தான் எழுந்து வருவார்கள். அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது வகுப்புக்கே தெரியும். அதனால் கேட்பதையே நிறுத்தினோம். திங்கட்கிழமைதோறும் சீட்டுக் குலுக்கி, பெயர்களைக் கரும்பலகையில் எழுதுகிறோம். ஆசிரியர்கள் பெயரும் அதில் உண்டு. "சாணி அள்ளவா பள்ளிக்கூடம் அனுப்பறோம்?" என்று வரும் பெற்றோரிடம் அந்தப் பலகையைத்தான் காட்டுகிறோம்.

ஜீவாமிர்தத்துக்கு அளவு இதுதான்: 20 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ சாணம், 1 லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் 200 கிராம் வீதம், ஒரு கைப்பிடி வரப்பு மண். நிழலில் வைத்து இரண்டு நாள், காலையும் மாலையும் கலக்க வேண்டும். கலக்குபவரும் சீட்டில் வந்தவர்தான். கையுறை கொடுத்தால் அத்தனை பேருக்கும் கொடுங்கள், இல்லையேல் யாருக்கும் வேண்டாம்.

மண்வெட்டி பையன்களுக்கு, பூவாளி பெண்களுக்கு என்ற வழக்கமும் சீட்டோடு போயிற்று. மாதவிடாய் நாளில் தொட்டால் கறிவேப்பிலை பட்டுப்போகும் என்று பிள்ளைகளே சொல்வார்கள். செடி பட்டுப்போவது தண்ணீர் தேங்கி வேர் அழுகுவதால். பிடுங்கி வேரைக் காட்டினால் புரிந்துகொள்கிறார்கள்.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு உயரப் பாத்தி வேண்டும். ஹாலோ பிளாக் கல் மூன்று வரிசை வைத்தால் 2 அடி உயரம். இருபுறமும் வழி இருந்தால் அகலம் 4 அடி, ஒருபுறம் மட்டும் என்றால் 2 அடி. அதற்கு மேல் கை எட்டாது. அடி வரிசையில் தண்ணீர் வடிய இடைவெளி விடுங்கள். மண் செலவைக் குறைக்க அடியில் தேங்காய் உரிமட்டை போட்டு, மேலே செம்மண் 2 பங்கு, மணல் 1, தொழுவுரம் 1. மட்டை மக்க மக்கப் பாத்தி இறங்கும், ஒவ்வொரு பருவமும் மண் கொட்டத்தான் வேண்டும். வெண்டை போட்டது தப்பு: காய் தலைக்கு மேலே போய்விடுகிறது. கீரை, முள்ளங்கி, கொத்தமல்லி சரிப்படும். நடைபாதை 4 அடி. ஜல்லி கொட்டினால் சக்கரம் புதையும், கிராவல் மண் போட்டு நன்றாக இடித்துவிடுங்கள்.

பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாதையோரம் இடுப்புயரக் கயிறு, பாத்திக்கு ஒரு முடிச்சு. முதல் பாத்தி முனையில் கற்பூரவள்ளி, இரண்டாவதில் புதினா, மூன்றாவதில் துளசி. இலையைக் கசக்கி முகர்ந்து, நிற்கும் இடத்தைத் தானே சொல்லிவிடுவார்கள்.