மிச்சம் பிடித்த மாத்திரை

“ரிசல்ட்டில் மருந்தே காணோமே, மாத்திரையெல்லாம் எங்கே போகிறது?”

பிள்ளைகளோடு இருக்கலாம் என்று அமெரிக்கா வந்து, தேய்ந்துபோன முதுகெலும்புக்காக வலி கிளினிக்கில் ஆக்சிகோடோன் என்ற ஓபியாய்டு (அபினி வகை) வலி மாத்திரை எழுதி வாங்கும் வேலூர்ப் பக்கத்துப் பெரியவர்களை, சிறுநீர்ப் பரிசோதனை முடிந்ததும் நிலைகுலைய வைக்கும் கேள்வி இது. காட்பாடியில் ஹெட்மாஸ்டராக இருந்து ரிடையர் ஆனவரிடம் கேட்டால் அவருக்கு முதலில் புரியாது. கூடப் போன மருமகளுக்குப் புரிந்துவிடும். மாமனாரிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுவரில் மாட்டிய எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ‘வெளியே விற்கிறீர்களா?’ என்றுதான் கேட்கிறார்கள்.

விற்கவில்லை, மிச்சம் பிடித்தார். ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதியதை ராத்திரிக்கு மட்டும் அரை மாத்திரை ஆக்கி, பகலைத் தைலத்தோடு ஓட்டி, மீதியை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி வைத்திருக்கிறார். “பவரான மாத்திரைம்மா, தினம் போட்டா உடம்புக்கு ஆகாது. ஊருக்குப் போறப்போ உதவும்.” வலியைப் பொறுத்துக்கொள்கிறவரை மெச்சுகிற ஊரிலிருந்து வந்தவர் வேறு எப்படி இருப்பார்? ஆனால் ஆக்சிகோடோன் சிறுநீரில் தங்குவது சுமார் ஒன்றிலிருந்து மூன்று நாள். ஞாயிறு போட்டுவிட்டு வியாழன் சிறுநீர்க் குப்பியைக் கொடுத்தால் காலி என்றுதான் வரும். கணக்குப்படி தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரை வீட்டில் இருக்கிறது, உடம்பில் மருந்து இல்லை. கிளினிக்கின் கண்ணில் இது பத்தியம் இல்லை, திருட்டுச் சந்தைக்கான அறிகுறி.

இதற்குத் தீர்வு சுலபம், முன்கூட்டியே செய்ய வேண்டும், அவ்வளவுதான். குப்பியை வாங்கும்போதே ‘கடைசியாக எப்போது போட்டீர்கள்’ என்று கேட்பார்கள், அல்லது படிவத்தில் இருக்கும். நாள், நேரம், முழுசா அரையா என்பதை உள்ளபடி எழுதுங்கள். தினமும் போடுவதில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி, ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்று சீட்டை மாற்றி, எண்ணிக்கையையும் குறைக்கச் சொல்லுங்கள். ரிசல்ட் வந்த பிறகு சொன்னால் சாக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்று: மெதுவாகக் கரையும் நீள்நேர மாத்திரையை உடைக்கவே கூடாது. பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கும், மூச்சு அடங்கிவிடும்.

ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆபத்துதான். திடீரென்று போன் வரும், 24 மணி நேரத்துக்குள் மாத்திரைகளோடு வாருங்கள், எண்ண வேண்டும் என்பார்கள். பெயர் ஒட்டிய பார்மசி டப்பாவிலேயே எடுத்துப் போக வேண்டும். எவர்சில்வர் சம்படத்தில் கொண்டுபோனால் செல்லாது.

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் உண்டு. இந்த நாட்டில் ஓபியாய்டு மருந்தாலும் தெருவில் விற்கும் ஃபென்டனில் என்ற அதே வகைச் சரக்காலும் செத்தவர்கள் ஏராளம். 2016-இல் சி.டி.சி. (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்) வெளியிட்ட வழிகாட்டுதல், மருந்து தொடங்கும் முன் ஒரு முறை, பிறகு வருஷத்துக்கு ஒரு முறையாவது சிறுநீர்ப் பரிசோதனை என்றது. 2022-இல் அதைத் திருத்தி, சோதனையால் வரும் நன்மை தீமை இரண்டையும் டாக்டர் யோசிக்க வேண்டும், ஒரு ரிசல்ட்டை வைத்து நோயாளியை விரட்டக் கூடாது என்றார்கள். கிளினிக்குகள் பலவும் இன்னும் பழைய மாதிரியேதான். மாநிலச் சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. முதல் நாளே கையெழுத்து வாங்கும் ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் வரி வரியாகப் படியுங்கள். ஒரே டாக்டர், ஒரே பார்மசி, தொலைந்தால் திரும்பக் கிடையாது, எப்போது கூப்பிட்டாலும் சோதனைக்கு வருவேன், யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

அந்தக் கடைசி ஷரத்துதான் நமக்கு வராது. “எனக்கு நல்லா கேட்டுச்சு, நீயும் ஒண்ணு போட்டுப் பாரு” என்று முட்டி வலிக்கு மாத்திரை கைமாறாத வீடு வேலூரில் உண்டா? இங்கே அது குற்றம். சம்பந்தியம்மாவுக்குக் கொடுத்தாலும் குற்றம்தான்.

குப்பி விவகாரத்துக்கு வருவோம். பை, போன், கோட்டு எல்லாம் வெளியே. கழிவறைத் தொட்டியில் நீலச் சாயம் கலந்திருக்கும், தண்ணீர் மொள்ள முடியாதபடி. குழாயை அடைத்திருப்பார்கள். மக் இல்லை, தண்ணீரும் இல்லை என்றால் நம் ஆட்கள் அரைப் பிராணனாகிவிடுவார்கள். ஈரத் துடைப்பான் கேட்டால் தருவார்கள், குப்பியைக் கொடுத்த பிறகு வெளியே கை கழுவலாம். சுமார் 30 மில்லி போதும். குப்பியின் பக்கத்தில் வெப்பம் காட்டும் பட்டை இருக்கும். நாலு நிமிஷத்துக்குள் 90 முதல் 100 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும், எனவே வெளியே வந்ததும் கையில் கொடுத்துவிடுங்கள். (அக்னி நட்சத்திரத்தில் சத்துவாச்சாரி மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் இந்தப் பட்டையைத் தாண்டிப் போய்விடும்.)

வராதே என்று பயந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர்கள் இன்னொரு வம்பில் மாட்டுகிறார்கள். சிறுநீரில் வரும் தசைக் கழிவான கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போய், அடர்த்தியும் குறைந்தால் ‘நீர்த்தது’ என்று எழுதுவார்கள். சதை வற்றிய வயசான அம்மாக்களுக்கும், மாமிசம் தொடாதவர்களுக்கும், பிரஷருக்கு நீர் மாத்திரை போடுகிறவர்களுக்கும் சொம்புத் தண்ணீர் இல்லாமலே கிரியேட்டினின் குறையலாம். காலை நேரச் சந்திப்பு வாங்கி, ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ப்ராஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் எச்சில் சோதனை உண்டா என்று கேட்கலாம்.

இனி ஆய்வகம். முதலில் செய்வது ஆன்டிபாடி வைத்த வேகச் சோதனை. அதில் ‘ஓபியேட்’ என்ற கட்டம் பிடிப்பது முக்கியமாக மார்ஃபினையும் கோடீனையும். ஆக்சிகோடோனைச் சரியாகப் பிடிக்காது. தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை, டிரமடால், மெத்தடோன், பியூப்ரெனார்ஃபின் போன்ற மற்ற வலி மருந்து எதையும் பிடிக்காது, அவற்றுக்குத் தனிக் கட்டம் வேண்டும். தவறாமல் மருந்து போட்டவருக்கும் ‘இல்லை’ என்று வருவதற்கு இது பெரிய காரணம், முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே: என் மருந்தை இந்தச் சோதனை பிடிக்குமா? அடுத்து, உறுதிச் சோதனை கேளுங்கள். அதைச் செய்யும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற முறை மருந்தை மட்டும் காட்டாது, உடம்பு அதை என்னவாக மாற்றியது என்பதையும் காட்டும். ஆக்சிகோடோன் போட்டால் நோர்ஆக்சிகோடோனும் ஆக்சிமார்ஃபோனும் இருக்கும். ஹைட்ரோகோடோன் என்றால் ஹைட்ரோமார்ஃபோன். கோடீன் மார்ஃபினாக மாறும். மிச்சம் பிடித்தது வெளியே தெரியக் கூடாது என்று மாத்திரையைப் பொடித்துக் குப்பியில் போட்டால் மருந்து மட்டும் இருக்கும், மாறிய பொருள் இருக்காது. அதோடு கதை முடிந்தது. பில் விஷயத்திலும் உஷார், மாதிரி போகும் ஆய்வகம் உங்கள் இன்சூரன்ஸில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

இனி, போடாத மருந்து தெரிவது. கசகசா. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடாவிட்டால் மிக்சி ஜாரின் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு அரைபடவே மாட்டேன் என்கிற அதே கசகசா. ஆம்பூர் பிரியாணியில் பொதுவாக அதற்கு வேலை இல்லை. கறிக் குருமாவையும் இடியாப்பத்துக்கு ஊற்றும் வெள்ளைக் குருமாவையும் அது இல்லாமல் நினைக்க முடியுமா? தேங்காய், சோம்போடு அரைத்து இறக்கும்போது ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். வாணியம்பாடிக் கல்யாண வீட்டில் பரோட்டாவை அதில் பிய்த்துப் போட்டு... சரி, ஆய்வகத்துக்கே திரும்புவோம். கசகசா அபினிச் செடியின் விதை. விதைக்குள் போதைச் சத்து இல்லை, காயின் பால் வெளித்தோலில் ஒட்டியிருப்பதுதான் சிக்கல். நன்றாகக் கழுவினால் பெரும்பங்கு போகும், கொதித்தால் இன்னும் குறையும், ஆனால் மூட்டைக்கு மூட்டை அளவு மாறுவதால் நம்பி இறங்க முடியாது. சாப்பிட்டு இரண்டு நாள் வரை மார்ஃபினும் கோடீனும் தெரியலாம். இந்தத் தகராறுக்காகவே 1998-இல் அமெரிக்க அரசு வேலைக்கான போதைச் சோதனையின் வரம்பை மில்லிக்கு 300 நானோகிராமிலிருந்து 2000 ஆக்கினார்கள். வலி கிளினிக் சோதனைகளில் 300 இன்றும் புழங்குகிறது. அமெரிக்க ராணுவமே 2023 பிப்ரவரியில் தன் ஆட்களைக் கசகசா தொடாதே என்று எச்சரித்தது. உறுதிச் சோதனையும் இங்கே காப்பாற்றாது, ஏனென்றால் அது நிஜமான மார்ஃபின். முந்திரியோ உடைத்த கடலையோ வைத்து அரைத்துக்கொள்ளுங்கள். கெட்டியாக வரும். ருசி வராது.

ஊரிலிருந்து கொண்டுவரும் சூட்கேஸ் மருந்துக் கடையும் இதே ரகம். அசிடிட்டிக்குப் போடும் பேன்டோபிரசோல் வேகச் சோதனையில் கஞ்சா என்று காட்டக்கூடும். வயிற்றுப்போக்குக்குப் போடும் ஆஃப்லாக்சசின் ஓபியேட் என்று காட்டக்கூடும், அசிடிட்டி மாத்திரையான ரானிடிடின் ஆம்ஃபெட்டமின் என்ற போதை மருந்து என்று. இவையெல்லாம் உறுதிச் சோதனையில் கழன்றுவிடும். கோடீன் கலந்த இருமல் சிரப்பும், டிரமடால் கலந்த வலி மாத்திரையும், தூக்கத்துக்கு என்று கொடுத்த அல்பிரசோலமும் கழலாது, உண்மையிலேயே இருப்பவை அவை. அல்பிரசோலத்தை ஓபியாய்டோடு சேர்ப்பது உயிருக்கே உலை.

நம் ஆட்கள் பழகிவிட்டோம் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். குப்பி, கையெழுத்து, பட்டை எல்லாம் கைவந்துவிட்டது. பிறகு பேச்சு எப்படியோ காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்ஸில் ஏறிவிடும். பெரிய காக்கி உறையில் எக்ஸ்ரே படத்தோடு விடியற்காலையில் ஓ.பி. வரிசை, திரும்பும் வழியில் மெடிக்கல் ஷாப் அண்ணன் அட்டையைக் கத்தரியால் நறுக்கி, மருந்தின் பெயரும் தேதியும் வராத துண்டாக நாலு மாத்திரை கொடுத்தது. யாரும் எதையும் எண்ணவில்லை. அதே சமயம் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு அபினி விளையும் நாட்டில், 1985-ஆம் வருஷப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து புற்றுநோய்க்காரருக்குக்கூட மார்ஃபின் சுலபமாகக் கிடைக்காமல் இருந்தது. 2014-இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அலறிக்கொண்டே போய்ச் சேர்ந்த தாத்தாக்களைப் பார்த்தவர்தான் இங்கே வந்து மாத்திரையை மிச்சம் பிடிக்கிறார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: ஆக்சிகோடோன் அமெரிக்கச் சட்டத்தில் கடும் கட்டுப்பாடு உள்ள இரண்டாம் அட்டவணை மருந்து, ரீஃபில் கிடையாது. 90 நாள் வரைக்குமான சீட்டுகளை டாக்டர் தேதி போட்டுத் தனித்தனியாக எழுதச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் முன்கூட்டியே மொத்தமாக வாங்க முடியாது. இரண்டு மாசப் பயணம் என்றால் குறைந்தது ஒரு மாசம் முன்பே கேளுங்கள். தபாலில் அனுப்பச் சொல்லாதீர்கள். பார்மசி டப்பா, டாக்டர் கடிதம் இரண்டும் கைப்பையில் இருக்கட்டும். டிக்கெட் நகலைக் கிளினிக்கில் கொடுத்து, இந்தத் தேதிகளில் இருக்க மாட்டேன் என்று எழுத்தில் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் நீங்கள் வேலூரில் இருக்கும்போது எண்ணக் கூப்பிடுவார்கள். அங்கே எது வாங்கிப் போட்டாலும் முழு அட்டையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பியதும் முதல் சந்திப்பை நாலைந்து நாள் தள்ளி வையுங்கள், கிளம்பும் முன்தினம் அக்கா வீட்டில் என்ன குருமா வைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்.